சாமி கொடுத்த சுவரொட்டி

மாலதியின் கல்யாணப் பத்திரிகை உங்கள் இரண்டு பேர் போனுக்கும் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிரமு கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, "எப்பா, மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்க போகவா, வேண்டாமா? போனா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்று கேட்டாள். இசக்கி மஸ்கட்டிலிருந்து அதையே அவன் பாணியில் கேட்டான். "மாமாவும் நீங்களும் பேசாம இருக்கது ஒரு ஆட்டுக்காகவாமே? நெசமாவா?"

நிசம்தான். ஒரு ஆட்டுக்காகத்தான். உங்கள் அம்மா இருந்தவரை அந்தப் பேச்சை வீட்டில் எடுக்க விட்டதில்லை. அவளுக்கு ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருஷன். இப்போது அவளும் இல்லை. குத்துக்கல்வலசை வீட்டில் நான் ஒருத்தன்தான், நேரம் நிறையக் கிடக்கிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும்.

ஆட்டைப் பற்றிச் சொல்லுமுன் என் வேலையைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது முழுதாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பிரமு 'மாட்டாஸ்பத்திரி' என்பாள். இசக்கி ஒன்றும் சொல்லமாட்டான்.

கால்நடைத் துறையில் பராமரிப்பு உதவியாளர் என்பது என் பதவி. பயிற்சி என்று பெரிதாக இல்லை. மாட்டை எப்படி அணைத்துப் பிடிப்பது, கோமாரி ஊசி மருந்துப் பெட்டியை ஐஸ் உருகாமல் எப்படிக் கொண்டுபோவது, உதை வரும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது. ஒதுங்கத் தெரியும்வரை உதை வாங்கினேன். பிறகு தென்காசிக்கு மாற்றலாகி வந்தபோது, ஆட்டுத்தொட்டியில் டாக்டரம்மாவுக்கு உதவியாகப் போட்டார்கள்.

ஆட்டுத்தொட்டி என்றால் கறிக்கடைகளுக்கு ஆடு அறுக்கிற கொட்டகை. விடிகாலையில் கடைக்காரர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அறுக்குமுன் உயிரோடு ஒரு தடவை பார்க்க வேண்டும். கயிற்றை அவிழ்த்து நடக்க விடுவோம். நொண்டுகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, வாயில் நுரை இருக்கிறதா, வாலுக்கு அடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய் நிற்கிறதா. அறுத்து உரித்துத் தொங்கவிட்டதும் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நுரையீரலை அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கி எழ வேண்டும். கையில் கல் மாதிரி தட்டுப்பட்டால் கீறிப் பார்க்க வேண்டும். ஈரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். சில ஈரலில் பித்தக் குழாயைக் கீறினால் தட்டைப்புழு வெளியே வரும், பூசணி விதை மாதிரி. பிறகு சுவரொட்டி. புத்தகத்தில் மண்ணீரல் என்று போட்டிருப்பதைத்தான் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவார்கள். நல்ல ஆட்டுக்கு அது சின்னப் பிள்ளையின் உள்ளங்கை அளவுதான் இருக்கும், விளிம்பு மெல்லிசாக இருக்கும். எல்லாம் சரி என்றால் டாக்டரம்மா தலையை ஆட்டுவார். நான் தொடைக்கறியில் ஊதா மையில் சீல் குத்துவேன். சீல் இல்லாத கறியைக் கடையில் தொங்கவிடக் கூடாது.

டாக்டரம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் போட்டு, கவிழ்த்து வைத்த தகர டின்மேல் உட்கார்ந்திருப்பார். சூரிய வெளிச்சம் வராமல் ஈரலைத் தொடமாட்டார். கடைக்காரர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். "பல்பு வெளிச்சத்துல எல்லாக் கறியும் அழகாத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஈரல் ஆகாது என்று தெரிந்தால் தாமே அதை எடுத்து எறியமாட்டார். கடைக்காரர் கையில் கத்தியைக் கொடுத்து, "நீங்களே கீறிப் பாருங்க" என்பார்.

மீரான் பாய் என்று ஒரு கடைக்காரர். நல்ல மனுஷன், ஆனால் முன்கோபி. ஒரு நாள் அவருடைய ஈரலைத் தள்ளி வைத்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"இந்த ஈரலுக்கு என்ன கொறச்சல்? பளபளன்னு இருக்கு. காலையிலேயே ரெண்டு பேரு சொல்லி வச்சிட்டுப் போயிருக்கான்."

"நானும் அதத்தான் சொல்லுதேன், பாக்க நல்லாத்தான் இருக்கு. இங்கன கீறுங்க பாய்."

கீறினார். புழு வெளியே வந்தது. பாய் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்து, "சவத்து மூதி, என் கையாலயே காட்ட வச்சிட்டியே" என்று திட்டிவிட்டு, அவரே ஈரலைக் குழியில் போட்டு பினாயில் ஊற்றினார்.

"ஏம்மா, நீங்களே தூக்கிப் போட்டா என்ன?" என்று நான் கேட்டேன்.

"நான் போட்டா வீட்டுக்குப் போயி என்னைய ஏசுவார். அவரே பாத்துட்டா அடுத்த சந்தையில ஆட்டப் பாத்து வாங்குவார்" என்றார். பாய் அப்படித்தான் வாங்கினார்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அந்த வேலைக்காரனை ஊருக்குப் பிடிக்காது. எனக்கு ஊரில் பெயரே சீலு. டீக்கடைக்குப் போனால், "ஏலே, சீலு வருது, போண்டாவ மூடி வையி" என்பார்கள். சிரிப்புக்குத்தான். கறி விருந்தில் நான் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் சாப்பிடாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மென்று விழுங்கிய பிறகு, "சரி, சீலு விழுந்துட்டு, சாப்பிடுங்கப்பா" என்று சத்தமாகச் சொல்வார். பந்தியே சிரிக்கும். விருந்து வைத்த வீட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வராது. கூப்பிடுவது குறைந்தது. நானும் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். குற்றாலத்துக்குச் சீசனில் கூட்டிக்கொண்டு போவேன், ஞாபகம் இருக்கிறதா? அருவியில் நனைந்து உதடு நடுங்க நிற்பீர்கள். ரோட்டோரம் கறி வறுக்கிற வாசனை வரும். பிரமு கேட்பாள். நான் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தருவேன். அத்தனை கூட்டத்துக்கும் எங்கள் தொட்டியில் சீல் குத்துகிற கறி போதாது என்பது எனக்குத் தெரியும். மீதி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. "ஊரே திங்குது, பிள்ளைக ஏக்கமா பாக்குதுக. ஒங்களுக்கு மட்டும் நாக்குல சீலு குத்தியிருக்காக்கும்?" என்று அம்மா என்னை ஏசுவாள்.

என்னைக் கேலி செய்தும் என்னை விட்டு விலகாத ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் உங்கள் மாமா சுடலைமுத்து.

அம்மாவுக்கு ஒரே தம்பி. குற்றாலம் போகிற வழியில் வயலும் தென்னையுமாக இருந்தார். வாய் நிறைய 'அத்தான், அத்தான்' என்பார். கறி எடுத்தால் எனக்கு ஆள் விட்டுவிடுவார். தன் வயிற்றைத் தட்டி, "இது அத்தான் சீல் குத்துன வயிறு, ஒண்ணும் செய்யாது" என்பார். லெச்சுமி அத்தைக்கு வெகு நாள் பிள்ளை இல்லை. உண்டானதும் தங்கவில்லை. பிள்ளை தங்கினால் கிடா வெட்டுகிறோம் என்று சுடலைமாடனுக்கு நேர்ந்து, ஒரு கருப்புக் கிடாவை வளர்த்தார்கள். அந்த வருஷம் அத்தைக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. ஆடி மாதம் மாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கிடா வெட்ட வேண்டும் என்று முடிவானது.

ஒன்றைத் தெரிந்துகொண்டால்தான் மாமா செய்தது உங்களுக்குப் புரியும். நேர்ந்துவிட்ட கிடா கொடைக்கு முன்னால் சீக்கு வந்து செத்தால், சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைப்பார்கள். பிள்ளைக்கு நேர்ந்த கிடா என்றால் அந்தப் பிள்ளைக்கே ஆகாது என்று பயப்படுவார்கள்.

கொடை நெருங்கிய சமயத்தில் கிடா இரை எடுக்காமல் படுத்துவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுவேன் என்று பயம். ஊசிக்கும் எழவில்லை. உயிர் போவதற்குள் சாமிக்குச் சேர்த்துவிட வேண்டும் என்று, கொடைக்குக் காத்திராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிடாவைத் தூக்கிக்கொண்டு போய் மாடன் பீடத்துக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். கொடை அன்று வெட்டியிருந்தால் சாமியாடி அதன் ரத்தத்தைக் குடித்திருப்பார். அது நடக்காமல் போனதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

நீங்களும் அம்மாவும் முந்தின நாளே அங்கே போயிருந்தீர்கள். இசக்கி கைப்பிள்ளை. நான் தொட்டி வேலையை முடித்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். பின்கட்டில் ஓலைப் பந்தலுக்குக் கீழே மாமா கறியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க அத்தான், வாங்க. மாடன் வாங்கிக்கிட்டான். கிடாவுக்குத் திடீர்னு காய்ச்சல், அதான் முன்கூட்டியே வெட்டியாச்சு. இங்கன வந்து பாருங்க, சுவரொட்டியப் பாத்தியளா?"

சுவரொட்டியைச் சுட்டுத் தின்றால் ரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுப்பார்கள். அத்தை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் கிண்ணத்தில் போட்டு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. கன்னங்கரேல் என்று, விளிம்பெல்லாம் உருண்டு, குழைந்துபோய் கிண்ணத்தின் வளைவோடு படிந்து கிடந்தது.

"ஒங்க தொட்டியில எந்த ஆட்டுலயாவது இம்புட்டுப் பெருசு பாத்திருக்கியளா? சாமி கொடுத்தது அத்தான். ரெண்டு உசுருக்குல்லா கொடுத்திருக்கான்!"

"பாத்ததில்ல மாப்ள. அதான் பயமா இருக்கு" என்றேன்.

நான் கேலி செய்வதாக நினைத்து மாமா சிரித்தார். "ஏட்டி லெச்சுமி, அத்தானுக்கே பயம் வந்துட்டு, கேட்டியா!"

நான் கறி கிடந்த வாழை இலையைப் பார்த்தேன். ஆட்டு ரத்தம் கொஞ்ச நேரத்தில் உறைந்து கட்டியாகிவிடும். இங்கே கருப்பாக, தண்ணீர் மாதிரி, இலையின் நரம்பு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. சுவரொட்டி வீக்கம், உறையாத கருப்பு ரத்தம், திடீர்க் காய்ச்சல். மூன்றும் சேர்ந்தால் ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது ஆட்டிலிருந்து ஆளுக்கு வரும். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். தின்றால் இன்னும் மோசம். ஆளே போய்விடலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் ஆட்டைக் கீறவே கூடாது, காற்றுப் பட்டால் கிருமி மண்ணில் இறங்கி வருஷக்கணக்காகச் சாகாமல் கிடக்கும். இங்கே கீறி, உரித்து, பங்கும் வைத்தாகிவிட்டது.

அப்போதுதான் மாமாவின் இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருப்பதைக் கவனித்தேன்.

"கையில என்ன மாப்ள?"

"உரிக்கும்போது கத்தி பட்டுட்டு. ஒண்ணுமில்ல."

அதற்குள் அத்தை சுவரொட்டியைக் கம்பியில் குத்தித் தணலுக்குக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து போய் அவள் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினேன். அவள் "எம்மா!" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். மாமா ஓடி வந்தார்.

"அத்தான்! பிள்ளைத்தாச்சி கையில இருந்து பிடுங்குதியளே, என்ன பண்ணுதிய?"

"இத யாரும் திங்கக் கூடாது மாப்ள. தொடவும் கூடாது. எல்லாரும் சோப்பு போட்டுக் கையக் கழுவுங்க. நீ மொதல்ல கழுவு."

"சாமிக்கு வெட்டுனது அத்தான்."

"தெரியும்."

"இது ஒங்க தொட்டி இல்ல."

அவர் சொன்னது சரிதான். அங்கே எனக்கு ஓர் அதிகாரமும் இல்லை. நான் டாக்டர் இல்லை, இன்ன நோய் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. சந்தேகம் மட்டும்தான் இருந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும், போன் தெருமுனைக் கடையில் இருந்தது. நான் போய் வருவதற்குள் கறி சட்டிக்குப் போய்விடும்.

"கோமதி, ஒருத்தரையும் தொட விடாத. இப்ப வந்துருதேன்" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பிரமுவிடம் உன்னைக் கொடுத்துவிட்டு, இசக்கி, கறிக்கும் அடுப்புக்கும் நடுவில் வந்து நின்றாள். "அக்கா, நீயுமா?" என்று மாமா கேட்டார். அவள் நகரவில்லை. நான் போன் பேசிவிட்டுத் திரும்பி வரும்போதும் அதே இடத்தில்தான் நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

டாக்டரம்மா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், நினைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, இன்னைக்குக் கழத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கையில் உறை மாட்டிக்கொண்டார். கிடாவின் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, காயவைத்து, காகிதத்தில் சுற்றினார். சுவரொட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தொட்டியில் அந்தத் தலையாட்டலுக்குச் சீல் குத்துவேன். அன்று அதற்கு வேறு அர்த்தம்.

மாமா அவர் முன்னால் வந்து கைகூப்பினார்.

"அம்மா, கடைக்காரங்க கையில கத்தியக் கொடுத்துக் கீறிக் காட்டுவியளாம்லா. அத்தான் சொல்லுவாக. எனக்கும் காட்டுங்க. இதுல என்ன இருக்குன்னு காட்டுங்க, நானே பொதைக்கேன்."

டாக்டரம்மா கத்தியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அப்படி அவர் தடுமாறி நான் பார்த்ததே இல்லை.

"இன்னைக்குக் காட்டுததுக்கு ஒண்ணுமில்ல தம்பி. கண்ணுக்குத் தெரியாது. இனிமே கீறவும் கூடாது. நம்புங்கன்னு கேக்கத்தான் முடியும்."

"நம்பி?"

"பொதைக்கணும்."

தண்ணீர் ஏறாத மேட்டில் ஆழமாகக் குழி வெட்டினோம். கறி, தோல், குடல், தலை, வாழை இலை எல்லாம் உள்ளே போனது. மேலே சுண்ணாம்பு. அரிவாளையும் கத்தியையும் நெருப்பில் காய்ச்சினோம். கோயிலில் ரத்தம் விழுந்த மண்ணையும் வெட்டி எடுத்து அதே குழியில் போட வேண்டும். பீடத்துக்கு முன்னால் நான் மண்வெட்டியைப் போட்டபோதுதான் ஊர் திரண்டது. "மாடனுக்கு நேர்ந்தத நாயப் பொதைக்க மாதிரி பொதைக்கானே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நான் சுண்ணாம்பு கொட்டும்போது மாமா குழிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கறியைத் தொட்ட எல்லோரையும் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மருந்து கொடுத்தார்கள். அத்தைக்கு அவள் உடம்புக்கு ஏற்ற மாதிரி பார்த்துக் கொடுத்தார்கள்.

கண்ணாடித் தகடு திருநெல்வேலிக்குப் போனது. முடிவு வந்தது. கிருமி இல்லை.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆட்டுக்கு ஏற்கனவே ஊசி போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் எடுத்த ரத்தத்துல கிருமி தெரியாமயும் போகலாம். இல்ல, வேற காய்ச்சலாவும் இருக்கலாம், உண்ணிக் காய்ச்சல்லயும் சுவரொட்டி வீங்கும். எனக்கே தெரியல. நான் வந்து ஒங்க மச்சினன்கிட்ட இதப் பக்குவமா எடுத்துச் சொல்லவா?"

"என்னன்னு சொல்லுவிய?"

"இருந்தாலும் இருந்திருக்கலாம்னு."

"வேண்டாம்மா. அவ வாயும் வயிறுமா இருக்கா. தினம் பொழுது விடிஞ்சா அதையே நெனச்சுப் பயந்துக்கிட்டுக் கெடப்பா. மருந்துதான் சாப்பிட்டாச்சே. இல்லன்னே சொல்லிருவோம்."

நானே போய்ச் சொன்னேன். மாமா என்னை வாசலில் நிற்கவைத்துக் கேட்டார்.

"அப்போ நல்ல கிடாவத்தான் பொதைச்சிருக்கிய."

"ஆமா மாப்ள."

"சாமி சொத்து."

"ஆமா."

"எம்பிள்ளைக்கு எதாவது ஒண்ணு ஆச்சுன்னா..." சொல்லி முடிக்காமல் கதவைச் சாத்திவிட்டார்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலதி நல்லபடியாகப் பிறந்தாள். மாடன் மன்னித்துவிட்டான் என்று ஊரில் சொன்னார்கள். மாமா மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குக் கொஞ்சம் தெரியும். தை பிறந்தால் அக்காவுக்குப் பொங்கப்படி கொண்டுவருவதை மாமா நிறுத்தவே இல்லை. நான் தொட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நான் வீட்டுக்கு வரும்போது கரும்பும் மஞ்சள் குலையும் சுவரில் சாய்ந்திருக்கும். இசக்கிக்குக் காது குத்தும்போது ஆள் மேல் ஆள் விட்டும் மாமா வரவில்லை. ஆசாரி "தாய்மாமன் மடி எங்க?" என்று கேட்டார். உன்னை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். நீ அழுத அழுகையில் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

பிற்பாடு கேரளாவில் பறவைக் காய்ச்சல் வந்தபோது என்னைப் புளியறைச் செக்போஸ்டில் போட்டார்கள். அந்தப் பக்கமிருந்து வருகிற வண்டிகளின் டயருக்கு மருந்து அடிக்க வேண்டும், கோழி வாத்து ஏற்றிவந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். மாமா அப்போது கேரளாவுக்கு வைக்கோல் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் வண்டி காலியாகத் திரும்பி வந்து என் முன்னால் நின்றது. முன்சீட்டில் அவர். நான் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு டயர் டயராக அடித்தேன். டிரைவர் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, காலி வண்டிக்கும் இவ்வளவு அடிக்கணுமா? நேரமாவுதுல்லா" என்றான்.

மாமா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவரு அடிக்காம விடமாட்டாரு. சும்மா இருலே."

கோபத்தில் சொன்னாரா, வேறு எதிலாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான். அம்மா போனபோது பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து போர்த்தினார். அக்கா காலடியில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவள்தான் கிடந்தாள்.

இப்போதெல்லாம் கறி பிளாஸ்டிக் தட்டில் அடைத்து, சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்த பையன்கள் எப்போதாவது போன் பண்ணி, "அண்ணாச்சி, ஒரு நல்லது செஞ்சோம்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். கெட்ட கறியைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் கண்ணுக்குத் தெரிவான். தின்னாமல் தப்பித்தவன் யார் என்று யாரால் சொல்ல முடியும்? அவனுக்கே தெரியாதே. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே, நீங்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பிரமு முந்தின நாளே போய் அத்தைக்குக் கூடமாட வேலை செய்ய வேண்டும். இசக்கி லீவு கிடைத்தால் வர வேண்டும், அவள் உனக்கு மாமன் மகள். மறுவீட்டு விருந்தில் கறி போட்டால் முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். சீலுக்காரன் பிள்ளைகள் என்று யாராவது கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரியுங்கள். ஆட்டுப் பேச்சை யாராவது எடுத்தால், "ஆமா, அப்பாதான் அவசரப்பட்டுட்டாங்க" என்று சொல்லுங்கள். அந்த ஊசி விஷயத்தையும், டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னதையும் மாமா வீட்டில் யாரிடமும் பேச வேண்டாம். மாலதி சாமி கொடுத்த பிள்ளை என்று அவர்கள் நினைத்து வளர்த்திருக்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

உங்களிடம் மட்டும் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றிய துணியோடு மாமாவின் கட்டைவிரல் கண்ணிலேயே நின்றது. காய்ச்சல் என்று யாராவது வந்து சொல்லிவிடுவார்களோ என்று வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரமாகப் பார்த்து மாடன் கோயிலுக்குப் போனேன். நான் மண் வெட்டின பள்ளம் அப்படியே இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் சொன்னது பொய்யாகப் போகட்டும், சுடலைமுத்து சொன்னதுதான் மெய்யாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

கிருமி இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று, தொட்டிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். கத்தி கழுவ வந்த மீரான் பாய் பார்த்துவிட்டார். அதற்குள் அவருக்கும் விஷயம் எட்டியிருந்தது. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து என் தோளில் வைத்தார்.

"விடும்வே. கணக்கு யாருக்குத்தான் தப்பல? இதுக்குப் போயி அழுவாங்களா?"

"ஆமா பாய், தப்பிட்டு" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.